நாற்பது கம்பி

பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் ஒன்றைச் சரிசெய்து வைத்திருப்பதாக யாராவது கூப்பிட்டால், நான் போய்ப் பெயிண்ட்டைப் பார்ப்பதில்லை. ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டு நிற்பேன். கோன் அளவாக முடுக்கியிருந்தால் சக்கரம் சட்டென்று நிற்காது. வேகம் அடங்கியதும் வால்வு இருக்கிற பக்கம் கனத்தால் கீழே இறங்கும். கொஞ்சம் தாண்டிப் போகும், திரும்பி வரும், ஆடி ஆடிக் கடைசியில் வால்வு அடியில் இருக்க நிற்கும். இப்படி நிற்காத வண்டி எத்தனை பளபளப்பாக இருந்தாலும் எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை.

விழுப்புரத்தில் அந்தக் காலத்தில் நல்ல மெக்கானிக்குகளுக்குக் குறைவே இல்லை. ஓவராயிலுக்கு ஒருவர், மோதி வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்த இன்னொருவர் என்று ஆளுக்கொரு கைராசி. வீல் கோர்ப்பதற்கு மட்டும் ரயிலடிக்குப் போகும் வழியில் கடை வைத்திருந்த பாயிடம்தான் போவோம். திண்டிவனத்திலிருந்துகூட வெறும் ரிம்மையும் ஹப்பையும் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு ஆள் வரும்.

மணைப்பலகையில் உட்கார்ந்து ஹப்பை மடியில் வைத்துக்கொள்வார். பக்கத்துக்கு இருபது ஓட்டை, மொத்தம் நாற்பது கம்பி. எண்ணமாட்டார். ஒன்று விட்டு ஒன்றாக உள்ளிருந்து போட்டு, பிறகு வெளியிலிருந்து போட்டு, ஒவ்வொரு கம்பியையும் நாலு கம்பி தாண்டிக் குறுக்கே கொண்டுபோய் ரிம்மில் மாட்டும்வரை வாய் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். நிப்பிளைக் கையாலேயே இரண்டு மூன்று சுற்று முடுக்கி நிறுத்திவிடுவார். அதற்கப்புறம் பாட்டு கிடையாது. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தை மாட்டுவார். ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார். வெள்ளை பட்ட இடத்தில் அந்தப் பக்கக் கம்பிக்குக் கால் சுற்று தளர்வு, எதிர்ப்பக்கக் கம்பிக்குக் கால் சுற்று முடுக்கு. நடுநடுவே ஸ்போக் கீயால் கம்பிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு போவார். ஏதாவது ஒன்று மந்தமாகக் கேட்டால், "இது பேசல தம்பி" என்பார். அது பேசுகிற வரை அடுத்த வேலைக்குப் போகமாட்டார்.

பக்கவாட்டில் கோட்டம் எடுக்கப் பலருக்கும் தெரியும். பாயின் கைத்திறன் தெரிவது ஏற்ற இறக்கத்தில். நம்முடைய வண்டிகளில் இருப்பது ராடு பிரேக். கட்டை ரிம்மின் பக்கத்தைக் கவ்வாது, உள்பக்கமாக, ஹப்பைப் பார்த்த வயிற்றில் ஏறி அழுத்தும். ரிம் ஒரு நூல் மேடாக இருந்தால் அந்த இடம் வரும்போதெல்லாம் பிரேக் 'டக் டக்' என்று தட்டும், பள்ளமானால் பிடி விட்டுவிடும். மேல் கீழ் சரியாக வந்த சக்கரத்தில் பிரேக் பிடித்தால் வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வேகம் குறைந்து நிற்கும். கேபிள் பிரேக்குப் பழகியவர்கள் ராடு பிரேக்கைப் பிடிப்பில்லாதது என்கிறார்கள். மழையில் நனைந்த ரிம்மில் அது உண்மைதான். மற்ற நாளில் அவர்கள் குறை சொல்ல வேண்டியது ரிம்மை.

முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் நாற்பது என்பது ஆங்கிலேயர் வகுத்த கணக்கு. அதன் அருமையைக் காட்டியவர்கள் நம் தென்னாற்காட்டு விவசாயிகள். செஞ்சிப் பக்கத்திலிருந்து மல்லாட்டை மூட்டையைக் கேரியரில் கட்டித் திண்டிவனம் கமிட்டிக்கு மிதித்தவர்களின் பாரம் முழுக்க அந்தப் பின்சக்கரத்தில்தான் இறங்கியது. ஒரு கம்பி அறுந்தாலும் மீதி முப்பத்தொன்பதும் வீடு கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ராலேக்காரர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. நாட்டிங்ஹாம் ராலேயின் அழகை நான் மறுக்கவில்லை. செயின் வீலில் கழுத்தை நீட்டி நிற்கும் கொக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால், மேலே படிந்த அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறந்த வருஷம் அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். ஆனால் அதே ராலேயின் பெடல் அச்சுக் கப்பைத் திறந்தால், அங்குலத்துக்கு 26 மரை. மற்ற இங்கிலீஷ் வண்டிகளில் பெரும்பாலும் 24. கப் தேய்ந்துபோனால் திண்டிவனம் முழுக்க அலைந்தாலும் பொருத்தமானது கிடைக்காது. ஹெர்குலிஸுக்கு எந்தக் கடைப் பெட்டியிலும் ஒரு கப் இருக்கும்.

போதாததற்கு ஹெர்குலிஸ் நம் பக்கத்து வண்டி. பெயர் பர்மிங்ஹாமில் 1910இல் பிறந்தது. ஆனால் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்க, 1951 முதல் அம்பத்தூரிலேயே வண்டி இறங்கியது. 1955இல் ஆவடியில் டியூப் ஆலை, 1960இல் டைமண்ட் செயின். அதே 1960இல் இங்கிலாந்தில் ராலேயும் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வீட்டுக்குள் வந்துசேர்ந்தது. எனவே ராலே நண்பர்கள் ஹெர்குலிஸைத் தாழ்த்திப் பேசும்போது, இரண்டும் கடைசியில் ஒரே கூரைக்குள் வந்த வண்டிகள் என்பதை மட்டும் நினைவுபடுத்துவேன்.

பழைய வண்டியை மொத்தமாகச் சுரண்டிப் பவுடர் கோட்டிங் அடிப்பவர்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தடித்த பூச்சில் லக்கின் கூர்முனை மழுங்கி, குழாயும் மூட்டும் ஒன்றாகிவிடுகின்றன. மட்கார்டில் ஒற்றைத் தூரிகையால் மூச்சைப் பிடித்து இழுத்த பொன்கோடு போய், அந்த இடத்தில் ஸ்டிக்கர் வந்துவிடுகிறது. கறுப்பு உதிர்ந்திருந்தால் உதிர்ந்தபடியே இருக்கட்டும். மண்ணெண்ணெயில் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினால் உள்ளிருந்து ஒரு மினுக்கு எழும், அது போதும். துரு பார்க்க வேண்டிய இடம் ரிம்மின் நிப்பிள் ஓட்டைகள். மரக்காணம் உப்பளக் காற்றில் நின்ற வண்டி என்றால் டியூபைக் கழற்றி உள்பக்கம் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பாண்டிச்சேரிப் பக்கம் உணவகச் சுவர்களில் இந்த வண்டிகளை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். செயின் இறுகி, டயர் வெடித்து, அச்சைச் சுற்றிக் கட்டிய வண்ணப் பிரஷ் வளையம் தூசி படிந்து கிடக்கிறது. ஹப்பைத் துடைத்துக்கொண்டே சுற்றுவதற்காகக் கட்டியது அது. ஆயுதபூஜைக்கு முதல்நாள் புதிதாக வாங்கிப் போடுவோம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் சைக்கிள்கள் இல்லையென்றால் விழுப்புரம், திண்டிவனத்தில் பாதிக் கடைகள் எப்போதோ மூடியிருக்கும். அதற்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் அந்தக் கடைகளில் இப்போது சக்கரம் கோணினால் ரெடிமேட் வீலை எடுத்து மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு வீல் கோர்க்க ஆகும் நேரத்தில் நாலைந்து பஞ்சர் ஒட்டிவிடலாம், கூலியும் அதில்தான். இதனால் கம்பியின் தரத்தைக் கேட்பாரில்லை. மரை இரண்டு முடுக்குக்கே வழுக்குகிறது, முலாம் ஒரு மழைக்காலத்தில் போய்விடுகிறது.

28க்கு 1½ டயர் இன்றும் நம் நாட்டில் தயாராகிறது. வெளிநாட்டுப் பழைய வண்டிக்காரர்கள்கூட நம் டயரைத் தேடி வாங்குகிறார்கள். பால்ரஸ் கிடைக்கிறது, காட்டர்பின் கிடைக்கிறது. நாற்பது ஓட்டை ரிம் எங்காவது பழைய சரக்காகக் கண்ணில் பட்டால் விலை பேசாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பாயைப்போல ஒருவர் இன்னும் கடை திறக்கிறார் என்றால், அந்த ரிம்மோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வீலை உங்கள் கையாலேயே கோர்த்துப் பாருங்கள். சாக்பீஸை அவரே தருவார்.