மலைநகர் மாளிகையும் வணிகர் சொல்லும் கதையும்

சொல்லுக்கு விலையுண்டு என்பதை அரசவைப் புலவர்கள் அறிந்திருந்தனர். இன்று அதனை அவர்களினும் நன்கறிந்தவர்கள் மனை வணிகர்களே எனலாம். வீட்டின் நீள அகலத்தையும் அறைகளின் எண்ணிக்கையையும் மட்டும் கூறி விலை பேசுவது பெருஞ்செல்வர்க்குரிய மாளிகைகளுக்குப் போதாதென்று அவர்கள் கருதுகின்றனர். ‘கதை சொல்லுங்கள், வாங்குபவரை அக்கதையின் தலைவராக்குங்கள்’ என்பதே விற்பனைப் பயிற்சியாளர்கள் போதிக்கும் பாடம். கதை என்று வந்தபின் அது திறனாய்வாளரின் எல்லைக்குள்ளும் வந்துவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஆஸ்பென் என்னும் மலைநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இவ்வகைக் கதையை இலக்கிய அளவுகோலால் நாம் அளந்து பார்ப்போம்.

இக்கதையின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. விடியற்பொழுது, சாளரத்துக்கப்பால் பனி பொழிகின்றது, கணப்படுப்பில் விறகு எரிகின்றது, பனிச்சறுக்காடச் சென்ற பிள்ளைகள் கன்னம் சிவக்கத் திரும்புகின்றனர், அந்தியில் நீண்ட மேசையைச் சுற்றி நண்பர்கள் அமர்கின்றனர். எழுவாய் ‘நீங்கள்’, காலம் நிகழ்காலம். விலை பேசுமுன்னரே வாங்குபவர் அவ்வீட்டில் குடியேறிவிடுகிறார்.

கூற்றை இரண்டாகப் பகுப்பது அரபு அணியியலாரின் மரபு. மெய்யா பொய்யா என ஆராயத்தக்க செய்தி ஒன்று. அதனை ‘ஃகபர்’ என்பர். ஆசை, ஏவல், வினா போன்று மெய்பொய்க்கு அப்பாற்பட்ட மொழிதல் மற்றொன்று. அதனை ‘இன்ஷா’ என்பர். வணிகர் கதையின் சூட்சுமம் இவ்விரண்டின் இடையில் உள்ளது. அதன் சொற்கள் செய்தியின் உடையை அணிந்து நிற்கின்றன; உள்ளிருப்பதோ ஆசை. ‘பிள்ளைகள் திரும்புகின்றனர்’ என்ற தொடரைப் பொய்யென்று எவர் வழக்காட முடியும்?

கதை விலையை உயர்த்துமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு சான்று உண்டு. 2009ஆம் ஆண்டில் ராப் வாக்கர், ஜோஷுவா கிளென் என்னும் இரு அமெரிக்க எழுத்தாளர்கள், பழம்பொருட் கடைகளில் சுமார் 129 டாலருக்கு வாங்கிய நூறு சில்லறைப் பொருள்களுக்கு எழுத்தாளர்களைக் கொண்டு கற்பனைக் கதைகள் எழுதுவித்து, ‘ஈபே’ ஏலத்தில் விட்டனர். கிடைத்த தொகை 3,600 டாலருக்கும் மேல். ஆயினும் அக்கதைகள் புனைவே என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எழுதியவர் பெயரும் உடனிருந்தது. கதையால் விலை ஏறுவது குற்றமன்று என்பதையும், கதையைக் கதையென்றே அறிவிப்பதுதான் நேர்மை என்பதையும் இஃது ஒருங்கே காட்டுகிறது.

ஆஸ்பென் நகரமே ஒரு கதையால் மறுபிறவி எடுத்த ஊர்தான். 1879இல் வெள்ளி தேடி வந்தோர் அமைத்த அக்குடியிருப்புக்கு முதலில் யூட் சிட்டி என்று பெயர். மறு ஆண்டே அப்பெயர் போயிற்று. அப்பெயருக்குரிய யூட் மக்களுள் வடபகுதியில் வாழ்ந்தோர் 1881இல் யூட்டாவுக்கு வெளியேற்றப்பட்டனர். 1893இல் அரசின் வெள்ளிக் கொள்முதல் சட்டம் நீக்கப்பட்டதும் சுரங்கத் தொழில் வீழ்ந்தது. ஏறத்தாழ 12,000 பேர் வாழ்ந்த ஊரில் 1930இல் எஞ்சியோர் சுமார் 700 பேரே. 1945இல் அங்கு வந்த சிகாகோவின் அட்டைப்பெட்டித் தொழிலதிபர் வால்டர் பேப்கே, உடலும் உள்ளமும் ஒருங்கே வளரும் இடம் என்னும் கதையை அவ்வூருக்குச் சூட்டினார். ஓவியர் ஹெர்பர்ட் பேயர் அதற்குச் சுவரொட்டிகள் வரைந்தார். ஹாபிஸின் கவிதையில் தோய்ந்து தாமும் ஒரு திவான் இயற்றிய ஜெர்மானியக் கவிஞர் கதேயின் 200ஆம் ஆண்டு விழாவை 1949இல் அங்கு நடத்தி, ஆல்பர்ட் சுவைட்சரை உரையாற்றச் செய்தார் பேப்கே. பெட்டி செய்பவர் உறையின் அருமையை அறிந்திருந்தார் என்று நகைப்போர் நகைக்கலாம். எனினும் அவர் சொன்ன கதைக்குள் இசை கேட்கவும் உரை கேட்கவும் வந்த மனிதர்கள் இருந்தனர்.

இன்றைய மாளிகைக் கதையிலோ வாங்குபவரைத் தவிர மனிதர் அரிது. பழைய அரபுக் கஸீதாவின் தொடக்கத்தில், காதலியின் கூட்டத்தார் பெயர்ந்துபோன பாழிடத்தில் புலவன் தன் ஒட்டகத்தை நிறுத்துவான். எரிந்தடங்கிய அடுப்புக் கற்களும் கூடாரத்தைச் சுற்றி வெட்டிய நீர்க்காலும் அங்குக் குடியிருந்தோரை அவனுக்கு நினைவூட்டும், கண்ணீர் விடுவான். ஆஸ்பென் வணிகரும் ஒரு பாழிடத்தில்தான் நிற்கிறார். அவருக்கு அஃது அலங்காரம். சுரங்கத் தொழிலாளி குடியிருந்த சிறு மரவீடு பழமைச் சிறப்பென்னும் பெயரால் பல இலட்சம் டாலருக்கு விலைபோகிறது. அத்தொழிலாளி எங்கே போனார் என்ற வினா எழுவதில்லை.

இதனை முன்னரே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. 1970இல் அம்மாவட்டத்தின் ஷெரீப் பதவிக்குப் போட்டியிட்ட எழுத்தாளர் ஹண்டர் தாம்ப்சன், ஆஸ்பென் என்ற பெயரையே ‘கொழுத்த நகரம்’ என்று மாற்றிவிடுவோம் என்றார். பெயரைக் காட்டி நிலத்தை விற்போர்க்கு அப்பெயர் பயன்படாது போகட்டும் என்பது அவர் நோக்கம். கேலி போல் தோன்றும் இவ்வுரையில் கூரிய இலக்கிய உணர்வு இருக்கிறது: வணிகர் கதையின் மூலதனம் அந்த ஒரு சொல்லே. தேர்தலில் அவர் தோற்றார், பெயர் நிலைத்தது.

பெயர் நிலைத்த ஊரில் உழைப்போர் பலர் நிலைக்க இயலவில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்த நண்பர்க்குச் சமைப்பவரும், வாசலில் குவிந்த பனியை அகற்றுபவரும், சுமார் 40 மைல் கீழேயுள்ள கிளென்வுட் ஸ்பிரிங்ஸிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் நாள்தோறும் வந்துபோகின்றனர். ஊரும் மாவட்டமும் 1980களின் தொடக்கம் முதல் நடத்திவரும் வீட்டுவசதி அமைப்பு, அங்கு உழைப்போர்க்கென ஏறத்தாழ 3,000 வீடுகளைக் காத்து வருகிறது. அவற்றுள் ஒன்று விற்பனைக்கு வரும்போது வெளியாகும் அறிவிப்பில் கதை எதுவும் இல்லை. வருமான வரம்பு இவ்வளவு. மாவட்டத்தில் பணிபுரிய வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அவ்வீட்டிலேயே வசிக்க வேண்டும். பலர் விண்ணப்பித்தால் குலுக்கல். சுவையற்ற உரைநடைதான். ஆனால் அதன் ஒவ்வொரு வரியும் ஆராயத்தக்க செய்தி. ஒவ்வொரு நிபந்தனைக்குப் பின்னும் அங்கேயே வாழவிருக்கும் ஒரு குடும்பம் நிற்கிறது.

வணிகர் கதை சொல்லலாகாது என்பது நம் கருத்தன்று. சரக்கின் குறையை மறையாது சொல்வது விற்போன் கடமை என்று வணிக அறம் வகுத்துள்ளது. அவ்வறம் கதைக்கும் பொருந்தும். இங்குக் குறை சுவரிலும் கூரையிலும் இல்லை. ஆண்டில் சில வாரங்களே விளக்கெரியும் மாளிகைகள் நிறைந்த தெருவை, உறவும் நட்பும் பொங்கும் இல்லமாகக் காட்டுவதில் இருக்கிறது. அயலார் வாழ இடமின்றிப் போவதற்குக் காரணமான விலையை அயலாரின் அன்பைக் கூறியே ஏற்றும் கதை, நடை எத்துணை இனிதாயினும், கலையளவில் குறையுடையது, அறத்தளவில் கடன்பட்டது.