பாடக்குறிப்பேட்டின் ஓரம்

எந்த வகுப்பு எதைக் கற்க வேண்டும் என வகுத்துரைக்கும் கலைத்திட்டம் மாநிலம் முழுமைக்கும் ஒன்றே எனினும், அதை அன்றாடப் பாடமாக மாற்றி ஆசிரியர் எழுதிவைக்கும் பாடக்குறிப்பேடு பள்ளிக்குப் பள்ளி வேறுபடுவதே அதன் அழகு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்து, ஆசிரியர் கையேட்டையும் அளித்தது. ஆயினும் பல வகுப்புகள் ஒரே அறையில் கலந்து அமரும் சிற்றூர்ப் பள்ளியில், கழித்தலுக்குப் படம் போதுமா, புளியங்கொட்டை வேண்டுமா, மலர் நிலைக் குழந்தையை அரும்புக் குழந்தையின் அருகில் அமர்த்தலாமா என்பனவற்றை ஆசிரியரே முடிவுசெய்கிறார். அம்முடிவுகளோ, அலுவலர் பார்வைக்கெனத் திருத்தமாக எழுதப்படும் பக்கத்தில் பெரும்பாலும் இடம்பெறாமல், ஓரத்தில் பென்சில் கிறுக்கலாகவே தங்கிவிடுகின்றன. கலைத்திட்டம் வரைவோர் முதலில் படிக்க வேண்டியவை அந்த ஓரங்களே.