நாலு விரற்கடை

ஷூர் எஸ்எம்57 மைக்கை யார் கொண்டுவந்து காட்டினாலும் நான் முதலில் உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பேன். 284 கிராம் இருக்க வேண்டும். பல வருஷங்களுக்கு முன் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் ஒன்று வாங்கி வந்தேன். பெட்டி, எழுத்து, பூச்சு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. பாடிப் பதிந்தபோது மட்டும் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. நடுவில் திருகிக் கழற்றிப் பார்த்தேன். பிடிக்குள் இருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மர் அதில் இல்லை. அன்று முதல் கை எடை போடாமல் நான் எந்த 57-ஐயும் நம்புவதில்லை.

இந்த மைக்கின் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு வயது அதிகம். அந்த மைக்குக்கோ என்னைவிட வயது அதிகம். எர்னி சீலர் 1959-இல் உருவாக்கிய யூனிடைன் 3 கேப்ஸ்யூல்தான் அதன் உயிர். 1965-இல் எஸ்எம்57 என்ற பெயரில் வந்தது, இன்றும் அதே உருவத்தில் விற்கிறது. ராக் மேடையில் கிடார் ஆம்ப்பின் முன்னாலும் இதுதான், அமெரிக்க அதிபர் பேசும் மேசையில் ஜோடியாக நிற்பதும் இதுதான். 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். 20,000 வரை போகும் மைக்குகளின் பக்கத்தில் இது ஏழையாகத் தெரியும். ஆனால் 5,000, 6,000 ஹெர்ட்ஸ் அருகே அதற்கு ஒரு மேடு உண்டு. தமிழில் ‘ட’வும் ‘ற’வும் ‘ச’வும் துலங்கி நிற்பதற்கு அந்த மேடு எவ்வளவு உதவுகிறது என்பதை ஒருமுறை பதிந்து கேட்டால்தான் தெரியும்.

கண்டென்சர் மைக் பிரியர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். ரோட் என்டி1-ஏ மைக்கின் சொந்த இரைச்சல் வெறும் 5 டெசிபல் என்பார்கள். உண்மைதான், அருமையான மைக். ஆனால் அந்த 5 டெசிபல் அமைதியை நாம் எந்த அறையில் கொண்டுபோய் வைக்கப்போகிறோம்? நம் வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது, எதிர்வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, ஜன்னல் கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது. கண்டென்சர் இவர்கள் எல்லோரையும் சமமாக மதித்துப் பதிந்து வைக்கும். சுவரில் மோதித் திரும்பும் குரலையும் விடாது. 57 போன்ற டைனமிக் மைக்குக்கு அவ்வளவு கூர்மையான செவி கிடையாது. கிட்டே வைத்துப் பாடினால் குரலை வாங்கிக்கொள்ளும், எட்ட இருப்பது பெரும்பாலும் அமுங்கிவிடும். ஒலி அடைப்பில்லாத வீட்டில் இந்த மந்தச் செவிதான் வரம்.

அந்த வரம் பலிக்க வேண்டுமானால் தூரம் சரியாக இருக்க வேண்டும். வாய்க்கும் வலைக்கும் நடுவே நாலு விரற்கடை. அதைவிடக் கிட்டே போனால் கீழ்ஸ்தாயி வீங்கிப்போகும். ஒரு சாணுக்கு அப்பால் போனால் அறை உள்ளே நுழைந்துவிடும். மைக்கை வாய்க்கு நேராக நீட்டாமல் உதட்டோரத்துக்குத் தள்ளிச் சாய்த்து, முகம் பார்த்து வைத்தால் ‘ப’ வெடிக்காது. என் அத்தையை உட்கார வைத்துப் பதிந்த அன்று அவள் கேட்டாள்: “கச்சேரில யாருடா இவ்வளவு கிட்ட மைக் வைப்பா?” சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அவள் பாடும்போது தொடையில் தாளம் தட்டுவாள். ஒவ்வொரு தட்டுக்கும் தலை முன்னால் வரும், பின்னால் போகும், குரலும் கூடவே ஏறி இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். தூரம் நிலைத்தது, குரலும் நிலைத்தது. மைக்கை மாற்றியிருந்தால் இது சரியாகியிருக்காது.

அந்த அத்தையின் இளமைக் குரல் எங்களிடம் ஒரு கேசட்டில் இருக்கிறது. டூ-இன்-ஒன்னின் உள் மைக்கில் பதிந்தது. அதில் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. அத்தை பாடும்போது குரல் கேட்கும், அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் மின்விசிறி பொங்கி எழும். குரல், மின்விசிறி, குரல், மின்விசிறி என்று அறுபது நிமிஷம் ஓடும். வீட்டுப் பதிவில் எனக்கு இத்தனை பிடிவாதம் வந்ததற்கு அந்தக் கேசட்தான் காரணம்.

57-இன் குறையையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கெயின் நிறைய வேண்டும். மேலே சொன்ன ரோடோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 24 டெசிபல் குறைவாகத்தான் வெளியே தரும். குரலுக்கும் மிருதங்கத்துக்கும் கவலை இல்லை. வீணைக்கு முன்னால் வைத்தால் குமிழை முழுக்கத் திருக வேண்டிவரும், மலிவு இன்டர்ஃபேஸ் ‘உஸ்’ என்று இரைய ஆரம்பிக்கும். வீணைக்காரர்கள் கண்டென்சர் வாங்கட்டும், அது நியாயம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ராத்திரியில் பதியட்டும்.

அறைக்கு நுரைப்பலகை வாங்கி ஒட்டுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் புடவை பீரோ இருக்கிறது. அதன் இரண்டு கதவையும் விரியத் திறந்து, பாடுகிறவரின் முதுகுப் பக்கம் புடவைகள் இருக்கும்படி உட்கார வையுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். பருத்தியும் பட்டும் விழுங்கும் எதிரொலியை அந்த மெல்லிய நுரை விழுங்காது.

ஹெட்போனுக்கு வருகிறேன். என் காது சோனி எம்டிஆர்-7506-க்குப் பழகிவிட்டது. 1991-இல் வந்தது, நீலக் கோடும் சுருள் வயரும் அதன் அடையாளம். மேல்ஸ்தாயி கொஞ்சம் கூர்மை என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் கூர்மைதான் வேண்டும். ‘ஸ்’ சீறுவதும், வாய் உலர்ந்து நாக்கு ஒட்டும் ‘டிக்’ ஓசையும் அதில் ஒளிய முடியாது. திறந்த வகை ஹெட்போன்கள் மிக்ஸிங்குக்கு இனிமையானவை, மறுக்கவில்லை. பதியும்போது அவற்றை மாட்டினால் சுருதிப்பெட்டி வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. நம் பாடகர்கள் ஒரு காதை விலக்கிக்கொண்டு பாடுகிறவர்கள். அந்த விலக்கிய பக்கத்துக்குப் போகும் ஒலியை முழுக்க அடைத்துவிடுங்கள். புளூடூத் ஹெட்போனைப் பதிவு நேரத்தில் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது தாமதித்துத் தரும் அந்தச் சிறு பொழுதில் தாளம் தப்பிவிடும்.

இன்று வாங்குகிறவர்கள் கண்ணால் வாங்குகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். பாட்காஸ்ட் வீடியோவில் கரிய எஸ்எம்7பி மைக் தொங்குவதைப் பார்த்து அதே வேண்டும் என்கிறார்கள். ‘த்ரில்லர்’ ஆல்பத்தில் மைக்கேல் ஜாக்சன் பாடியது அதன் முன்னோடியான எஸ்எம்7-இல்தான், பெருமை உண்டு. ஆனால் அந்தக் கேப்ஸ்யூலும் 57-இன் வம்சமே. அது கேட்கும் கெயின் இன்னும் அதிகம், விலையோ பல மடங்கு. அத்தனை பணம் கொடுத்து வாங்கி இரண்டடி தள்ளி வைத்துப் பாடுகிறார்கள். பிறகு இரைச்சலை மென்பொருளால் வழித்தெடுக்கிறார்கள். அது மின்விசிறியோடு நிற்பதில்லை. கார்வை தேய்ந்து தேய்ந்து ‘ம்’மில் அடங்குகிறதே, அந்த ‘ம்’மையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. அடுத்த அடிக்கு முன் வாங்கும் மூச்சையும் விடுவதில்லை. இதற்கு மேல் எதிரொலியை அள்ளிக் கொட்டுகிறார்கள். இப்போது வரும் வீட்டுப் பதிவுகளில் பாதிக்குமேல் எனக்கு மூச்சே கேட்பதில்லை. மூச்சு கேட்காத பாட்டில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

தலையணை கொடுத்துப் பதிந்த அத்தையின் பாட்டை நேற்று மறுபடி கேட்டேன். ஒரு ‘ழ’வில் நாக்கு மடங்கித் திரும்பும் இடம் அப்படியே இருக்கிறது. தொலைவில் ஒரு காக்கை இரண்டு தடவை கத்துகிறது. அதை நான் எடுக்கவில்லை.

கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அசல் 57 ஒன்று, மூடிய ஹெட்போன் ஒன்று, அசையாத ஸ்டாண்ட் ஒன்று வாங்குங்கள், போதும். மீதிக் காசை வைத்துக்கொண்டு, வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர்கள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர்களை உட்கார வைத்துப் பதிந்துவிடுங்கள்.