மனித சுவாரஸ்யம் என்னும் கத்திரி

பத்திரிகைக் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டு அச்சுகளைத் தருகின்றன. செய்தியா, தலைகீழ்ப் பிரமிடு: முக்கியமானது மேலே, பின்னணி அடியில், இடமில்லையென்றால் அடியிலிருந்து வெட்டு. சிறப்புக் கட்டுரையா, ஒரு மனிதரில் தொடங்கு, அவரிடமே முடி. வெறும் உத்திதானே என்று இதை விட்டுவிட முடியாது. எதை வெட்டலாம் என்பது இங்கே எழுதுவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

ஆவடியை எடுத்துக்குவோம். 1955இல் காங்கிரஸ் 'சோசலிச மாதிரிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட ஊர். டாங்கி செய்கிற ஊர். 2021 ஜூனில் பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் அதிகாரத்தை மத்திய அரசு அவசரச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. அக்டோபர் 1 அன்று 41 படைக்கலத் தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளாக்கப்பட்டன. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் அதில் அடக்கம். பாடநூல் படித்தவர் இதை எப்படி எழுதுவார்? ஓய்வுபெறப் போகிற ஃபிட்டர் ஒருத்தரைத் தேடிப்பிடிப்பார். காய்ப்பேறிய கை, கலங்கிய கண், பேரப்பிள்ளை. அவசரச் சட்டம் நடுவில் ஒரு வரி. வாசகர் 'அடப் பாவமே' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். எல்லோர்மீதும் ஏவப்பட்ட அதிகாரம் ஒருத்தருடைய சோகமாகச் சுருங்கிப்போகிறது.

நம் இதழியல் இப்படித் தொடங்கவில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையே பெயர், வாசகர் யார் என்பதற்குத் தலைப்பிலேயே பதில். போரூரை அடுத்த துள்ளத்தில் பிறந்த திரு.வி.க., தமிழாசிரியர் வேலையை விட்டு 1917இல் 'தேசபக்த'னுக்கு ஆசிரியரானார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது உடன் நின்றார். அவருடைய உரைநடை தொழிலாளர் மேடையில் பழகியது. தொழிலாளி அங்கே பரிதாபத்துக்குரிய பாத்திரம் அல்ல, அடுத்த கூட்டத்துக்கு வரவேண்டிய ஆள்.

பாடநூலைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. பெயரைச் சரிபார், தேதியைச் சரிபார், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் கேள் என்று அது சொல்வது நமக்கும் வேணும். நம் ஆட்கள் பலர் இதில் படுமோசம். ஆனால் 'யாருக்காக எழுதுகிறாய்' என்பதற்கு 'பொதுவாசகர்' என்று அது தரும் பதிலை ஏற்கமுடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டின் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றி எழுதுகிறவர் எழுதியதை அவரிடமே படித்துக்காட்டட்டும். ஒப்பந்தக்காரர் யார், முதன்மை முதலாளி யார், பிடித்தம் எவ்வளவு என்பது அதில் இருக்கிறதா என்று அவரே கேட்பார். அந்தக் கேள்வியைத் தாங்காத கட்டுரையில் எவ்வளவு 'மனித சுவாரஸ்யம்' இருந்து என்ன?