மன்றத்துக் கேள்வியும் தோட்டத்துச் செவியும்: டி.ஆர். சீனிவாசகத்தின் நாடாளுமன்றப் பேச்சு குறித்து ஒரு மதிப்பீடு

மேடைப்பேச்சினைத் தமிழ்த் திறனாய்வு ஓர் இலக்கிய வகையாக ஏற்றுக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. அண்ணாவின் அடுக்குமொழி பற்றிப் பட்ட ஆய்வுகள் பல வந்துள்ளன. பட்டிமன்ற உரைகள்கூட ஆய்வுப்பொருளாகிவிட்டன. ஆயினும் நாடாளுமன்ற உரை மட்டும் இவ்வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அது அரசறிவியலார்க்கு உரியது என்று நாம் ஒதுக்கிவிட்டோம். மலேசியத் தமிழர் ஆற்றிய மன்ற உரைகள் ஆங்கிலத்திலோ மலாயிலோ அமைந்தமையும் இதற்கொரு காரணம் ஆகலாம். இவ்வொதுக்கலால் நாம் இழந்தது என்ன என்பதை ஈப்போ உறுப்பினர் டி.ஆர். சீனிவாசகத்தை முன்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் எண்ணம்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் சாலையில் உள்ளது மம்பாவ். அவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய என் பாட்டனார் சீனிவாசகத்தின் பெயரை நன்கு அறிந்திருந்தார். ‘மந்திரி மேல கேசுல ஜெயிச்ச வக்கீலு’ என்பதே அவர் அறிந்த சீனிவாசகம். வழக்கு தொடுத்தவர் அமைச்சரேயன்றிச் சீனிவாசகம் அல்லர் என்பது அவர்க்குத் தெரியாது. மன்றத்தில் என்ன கேள்வி கேட்கப்பட்டது, அமைச்சர் என்ன விடை தந்தார் என்பதும் தெரியாது. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது முடிவு மட்டுமே. கேள்வி வரவில்லை. இந்த இடைவெளியே என்னை இப்பொருளுக்கு இட்டுவந்தது.

நிகழ்ச்சி சுருக்கமானது. மக்கள் முற்போக்குக் கட்சியை நிறுவியவரும் 1957 முதல் ஈப்போவின் எதிர்க்கட்சி உறுப்பினராக விளங்கியவருமான சீனிவாசகம், அமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப் மீது ஊழல் குற்றச்சாட்டுகளை மன்றத்தில் எழுப்பினார். மன்றத்தின் பாதுகாப்பினுள் நின்று பேசுவது எளிது, வெளியே வந்து பேச முடியுமா என்று அமைச்சர் அறைகூவினார். சீனிவாசகம் வெளியே வந்து அதனையே பேசினார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார், 1965இல் தோற்றார், பதவி விலகினார். அவருடைய மேல்முறையீடும் 1966இல் தள்ளுபடியாயிற்று. தமிழாசிரியர்க்கு இவ்வமைச்சர் வேறொரு வகையில் அறிமுகமானவர். 1960ஆம் ஆண்டின் ரகுமான் தாலிப் கல்வி அறிக்கை இவர் பெயரால் வழங்குவதே. அதன் வழிவந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை 21(2)ஆம் பிரிவின்வழி அமைச்சர் கையில் ஒப்படைத்தது.

இங்கு வழக்கின் வெற்றியைக் காட்டிலும் பேச்சின் இயல்பே நோக்கத்தக்கது. கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆம் விதி, மன்றத்தில் பேசியதற்காக எந்த உறுப்பினர் மீதும் நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்கவியலாது எனக் காப்பளிக்கிறது. அக்காப்பு பேச்சாளனுக்கு ஒரு வேலி. வேலிக்குள் நிற்பவன் வசையும் பேசலாம், மெய்யும் பேசலாம். கேட்பவர்க்கு வேறுபாடு தெரியாது. அவதூறு வழக்கிலோ தான் சொன்னது உண்மையென மெய்ப்பிக்கும் சுமை சொன்னவனையே சாரும். எனவே மன்றத்தில் சொன்ன சொல்லை வெளியே எடுத்துச் செல்லத் துணிபவன் ஒவ்வொரு தொடரையும் சான்றுக்கு ஏற்ப அளந்தே அமைத்திருக்க வேண்டும். மேடைப்பேச்சின் அழகு மிகைப்படுத்தலில் உள்ளது. இவ்வகைப் பேச்சின் அழகு குறைத்துச் சொல்வதில் உள்ளது. தமிழ்ப் பேச்சுக்கலை பற்றிய நம் நூல்களில் இவ்வழகுக்குப் பெயரே இல்லை. உவமை எத்தனை, அடுக்கு எத்தனை என்று எண்ணிப் பழகிய கண்ணுக்கு வழக்கறிஞரின் வறண்ட தொடர் உரைநடையாகவே படுவதில்லை.

இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் நம் நாட்டிலேயே உண்டு. தமிழ், சீனப் பள்ளிகளை மூடவேண்டும் என 1978இல் மக்களவையில் பேசிய சபா உறுப்பினர் மார்க் கோடிங் மீது தேச நிந்தனை வழக்குத் தொடுக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 63ஆம் விதியின் வேலி அக்குற்றத்தின் பொருட்டுத் தளர்த்தப்பட்டிருந்தமையால் அது இயன்றது. 1982இல் வந்த தீர்ப்பினைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் படித்தல் தகும். பள்ளிகளை மூடச் சொன்ன பகுதி நிந்தனையாகக் கொள்ளப்படவில்லை. தேசிய மொழி பற்றிய 152ஆம் விதியைத் திருத்தச் சொன்ன பகுதியே குற்றமாயிற்று. ஓர் உரையின் எந்தத் தொடர் எதனைச் செய்கிறது எனப் பகுத்துக் காட்டிய அத்தீர்ப்பு, அதன் முடிவை நாம் ஏற்பினும் மறுப்பினும், நுண்ணிய வாசிப்புக்கு ஒரு சான்று.

கூட்டாட்சி பற்றிய பேச்சுக்கு வருவோம். இங்குத் தமிழ்ச் சொற்களே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. தமிழ்நாட்டார் ‘கூட்டாட்சி’ என்பர். உரிமைக்குரலாக ஒலிக்கும்போது அது ‘மாநில சுயாட்சி’ ஆகும். இலங்கைத் தமிழர் ‘சமஷ்டி’ என்றனர். வடமொழியில் சமஷ்டி என்பது தனித்தனிக் கூறான வியஷ்டிக்கு மாறான முழுமையைக் குறிப்பது. பகிர்வைக் கேட்டவர்கள் முழுமையைச் சுட்டும் சொல்லைத் தேர்ந்தது விந்தையே. 1949இல் செல்வநாயகம் முதலியோர் தொடங்கிய கட்சி ஆங்கிலத்தில் சமஷ்டிக் கட்சி, தமிழில் தமிழரசுக் கட்சி. இவ்விரு பெயர்களுக்கிடையே இருந்த தொலைவு பின்னாளில் எத்துணைப் பிணக்குக்கு இடமளித்தது என்பதை விரிக்க வேண்டியதில்லை. மலேசியத் தமிழில் வழங்குவது ‘கூட்டரசு’. கூட்டரசு நீதிமன்றம், கூட்டரசுப் பிரதேசம் என்றெல்லாம் சொல்கிறோம். இச்சொல் மையத்தில் உள்ள அதிகாரத்தைக் குறிக்கிறதேயன்றி அதிகாரம் பங்கிடப்பட்ட முறையைக் குறிப்பதில்லை. பங்கீட்டைச் சொல்ல நம்மிடம் வழக்கில் ஊன்றிய சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் கேள்வியும் எழுவதில்லை போலும்.

அண்ணா 1962இல் மாநிலங்களவையில் ஆற்றிய முதலுரையும் ஆங்கிலத்தில் அமைந்ததுதான். ஆனால் அவ்வுரைகளின் பொருளைத் தம்பிக்கு எழுதும் கடிதங்களாகவும் நூல்களாகவும் தமிழில் கொண்டுசேர்க்க ஓர் இயக்கமும் அதன் இதழ்களும் இருந்தன. தில்லியில் எழுந்த வாதம் திண்ணைக்கு வாதமாகவே வந்தது. சீனிவாசகத்துக்கு அத்தகைய வாய்க்கால் இல்லை. அவருடைய கட்சியின் வலிமை கிந்தா பள்ளத்தாக்கின் நகர்ப்புறங்களிலும் சீனப் புதுக்கிராமங்களிலும் இருந்தது. தோட்டத் தமிழர் பெரும்பாலும் ம.இ.கா.வின் பக்கமும் தொழிற்சங்கத்தின் பக்கமும் நின்றனர். தமிழரான ஒரு தலைவரின் சிறந்த வாதங்கள் தமிழில் நிலைபெறாமற் போனமைக்கு இவ்வரசியல் அமைப்பே முதற் காரணம். மொழி அடுத்ததே.

இவ்விடத்தில் அவர் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். பொறுப்புடைமையை அவர் அணுகிய முறை தனி அமைச்சர், தனிச் செயல் என்னும் வழக்குமன்ற முறை. குற்றவாளி ஒருவர் இருக்கும் இடத்தில் அது கூர்மையாகச் செயற்படும். குற்றவாளி எவரும் இல்லாமலே அநீதி நிகழும் இடத்தில் அது என்ன செய்யும்?

மம்பாவ் அத்தகைய இடம். கல்வி, அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி மத்திய அரசுக்கு உரியது. நிலம் மாநிலத்துக்கு உரியது. தோட்டமோ நிறுவனத்தின் தனிச்சொத்து. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி இம்மூன்றின் சந்திப்பில் நின்றது. பள்ளி நிற்கும் நிலம் அரசுடையது அன்று என்பதால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. கூரை ஒழுகினால் கல்வி அமைச்சு நிலத்தைச் சுட்டும். மாநிலம் கல்வியைச் சுட்டும். நிறுவனம் தன் கணக்கைச் சுட்டும். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் இதே நிலைதான். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, அரசு நிரப்பாத அவ்விடைவெளியைத் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டு நிரப்பும் முயற்சியாகும். தோட்டத் துண்டாடலுக்கு அனுமதி வேண்டும் என்னும் 214ஏ பிரிவு தேசிய நிலச் சட்டத்தில் பின்னரே சேர்க்கப்பட்டது.

மூன்றாம் அடுக்கான ஊராட்சியும் இதற்கு மருந்தாகவில்லை. தோட்டம் தனியார் நிலமாதலால் சாலையும் தண்ணீரும் விளக்கும் துரையின் பொறுப்பாகவே எண்ணப்பட்டன. ஊராட்சித் தேர்தல்களும் 1965இல் நிறுத்தப்பட்டன. ஈப்போ நகர மன்றத்தில் வேரூன்றிய கட்சியாதலின் சீனிவாசகத்தின் கட்சிக்கு அது நேரடி இழப்பு. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் ஊராட்சித் தேர்தல்களை மீண்டும் நடத்தலாம் என 1968இல் பரிந்துரைத்தது. ஆளுங்கட்சிக் கூட்டணியைச் சேர்ந்த தமிழர் ஒருவர் தலைமையில் வந்த பரிந்துரை என்பது கருதத்தக்கது. அரசு ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. எதிர்க்கட்சியின் கேள்வியும் ஆணையத்தின் விடையும் ஒரே திசையில் அமைந்தும் பயனில்லாமற் போன அந்த நிகழ்ச்சியைத் தமிழில் எழுதியவர் மிகச் சிலரே.

சீனிவாசகம் 1969 மார்ச் 15இல் மறைந்தார். அதற்கு நாற்பது நாள் முன்னரே, பிப்ரவரி 3இல், அண்ணா மறைந்திருந்தார். அண்ணாவின் இயக்கம் இராஜமன்னார் குழுவை அமைத்து மாநில உரிமையை ஆவணமாக்கியது. சீனிவாசகத்தின் கட்சி 1974இல் தேசிய முன்னணியுள் சென்று அமர்ந்தது. ஒருவருடைய நாவன்மையில் தங்கியிருந்த கேள்வி அவருடன் ஓய்ந்தது எனின் மிகையன்று.

‘கணக்குக் கேட்டல்’ என்பது தோட்டத்தார்க்குப் புதிய வழக்கன்று. விடியலில் பெரட்டில் பெயர் கொடுத்தவர்கள், மாதக் கடைசியில் கிராணியிடம் நாட்கணக்கைச் சரிபார்த்தவர்கள் அவர்கள். ‘பொறுப்புடைமை’ என்னும் நம் பாடநூற் சொல்லைக் காட்டிலும் அவர்களுடைய சொல்லே மன்ற நடவடிக்கைக்கு நெருக்கமானது. மலேசிய நாடாளுமன்றத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் இன்று எவரும் படிக்கத்தக்க நிலையில் உள்ளன. அவற்றுள் சீனிவாசகத்தின் பத்து உரைகளையேனும், அமைச்சர்களின் மறுமொழிகளோடும் குறுக்கீடுகளோடும் ஒருங்கே, தமிழாக்கம் செய்ய நம் முதுகலை மாணவரை ஈடுபடுத்தலாம். மறுமொழிகளை விடுத்து உரைகளை மட்டும் தொகுப்பின் என் பாட்டனார் அறிந்த அதே சீனிவாசகமே நமக்கும் கிடைப்பார்.