விமர்சனங்களில் இல்லாத கணினி

புது கிராபிக்ஸ் கார்டு வெளிவரும்போதெல்லாம் அதைப் பற்றிய விமர்சனங்களை விடாமல் படிக்கிறவன் நான். வாங்குகிறேனோ இல்லையோ, படித்துவிடுவேன். அவற்றின் மேல் எனக்கு ஒரே ஒரு பெரிய குறை உண்டு. கார்டு மாற்ற நினைப்பவர் வீட்டில் இருக்கும் கணினி அந்தக் கட்டுரைகளில் எங்கேயும் இருப்பதில்லை.

சோதிக்கும் முறை தெரிந்ததுதான். அன்றைக்குக் கிடைக்கிற ஆக வேகமான ப்ராசஸரைப் போட்டுச் சோதிப்பார்கள். ப்ராசஸர் திணறினால் கார்டின் உண்மையான வேகம் தெரியாமல் போய்விடும் என்பது காரணம். கார்டை அளப்பதற்கு அது சரியான முறை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனா அதே கட்டுரை கடைசிப் பத்தியில் ‘பழைய கார்டு வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்’ என்று முடியும்போதுதான் இடிக்கிறது. அளந்தது ஒரு கணினியில், சிபாரிசு இன்னொரு கணினிக்கு.

இன்டெல் ஆர்க் பி580 நல்ல உதாரணம். 2024 டிசம்பரில் 249 டாலர் விலையில், 12 ஜிபி நினைவகத்தோடு வந்தது. பாராட்டு குவிந்தது. பல விமர்சகர்கள் அதை ரைசன் 7 9800எக்ஸ்3டி-யோடு சேர்த்துச் சோதித்தார்கள். அந்த ப்ராசஸரின் அறிமுக விலை 479 டாலர்! இந்த ஜோடியை யாராவது வீட்டில் போடுவாங்களா? சில வாரம் கழித்து, 2025 ஜனவரியில், ரைசன் 5 2600 மாதிரி பழைய ப்ராசஸர்களோடு சிலர் சோதித்துப் பார்த்தபோது கதையே மாறியது. சில விளையாட்டுகளில் பி580-யின் வேகம் பெரிதாகச் சரிந்தது. போட்டிக் கார்டான ஆர்டிஎக்ஸ் 4060 அந்த அளவுக்குச் சரியவில்லை. கார்டுக்கு வேலையைத் தயார் செய்து அனுப்பும் டிரைவர், அந்தத் தயாரிப்புக்கு ப்ராசஸரை அதிகம் வாட்டுகிறது. வேகமான ப்ராசஸரில் அந்தச் சுமை கண்ணுக்கே படாது. அதாவது, குறையை மறைத்தது சோதனை முறைதான்.

பழைய ப்ராசஸரில் போட்டுப் பார்த்தவர்களும் விமர்சகர்கள்தான், அதையும் சொல்லணும். ஆனால் அது பிறகு வந்த தனிக் கட்டுரை. வெளியீட்டு நாளில் படித்து வாங்கியவர் திரும்பி வந்து அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

இதற்கு முன்னோடி, 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. விலை 199 டாலர், நினைவகம் 4 ஜிபி. ஸ்லாட்டில் 16 லேன் இருந்தாலும் இந்தக் கார்டு நாலைத்தான் பயன்படுத்தும். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அந்த நாலு லேன் வழியாக நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும், 3.0 போர்டில் அதில் பாதி. விளையாட்டுக்கு 4 ஜிபி போதாமல் போகும்போது மீதியைக் கணினியின் ரேமிலிருந்து இந்தக் குறுகிய வழியாகத்தான் இழுக்க வேண்டும். ஆக, மலிவான கார்டைத் தேடும் பழைய போர்டுக்காரருக்குத்தான் அடி அதிகம். 2016-ல் இதே 199 டாலருக்கு வந்த 4 ஜிபி ஆர்எக்ஸ் 480-இல் 16 லேனும் இருந்தன. வீடியோ பதிவு செய்ய உதவும் என்கோடரும் இருந்தது. 6500 எக்ஸ்டி-யில் அதுவும் கிடையாது. இதை 3.0-விலும் போட்டுச் சோதித்துக் காட்டிய விமர்சகர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த முறை விஷயம் வெளியீட்டின்போதே தெரிந்தது.

போர்டு புதுசு என்றால் கவலை இல்லை என்றும் நினைத்துவிட முடியாது. கார்டு தட்டுப்பாட்டுக் காலத்தில், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறதே என்று ரைசன் 5 5600ஜி வாங்கி சமாளித்தவர்கள் நிறைய. அதை பி550 போர்டில் போட்டிருந்தால் பெட்டியில் 4.0 என்று இருக்கும். ஆனா அந்த ப்ராசஸர் 3.0-தான் தரும். பெட்டியை நம்பி நாலு லேன் கார்டை வாங்கினால் என்ன ஆகும்னு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளைக்கு எத்தனை வாட்ஸ், கேபினெட்டுக்குள் கார்டு நுழையுமா என்பதெல்லாம் வாங்குகிறவரே பார்த்துக்கொள்ளலாம், ஒரு டேப் போதும். டிரைவர் சுமையை வீட்டில் டேப் வைத்து அளக்க முடியாது.

நான் கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. முப்பது விளையாட்டில் அளப்பதை இருபத்தஞ்சாகக் குறைத்துக்கொள்ளட்டும். மிச்சப்படும் நேரத்தில் ஒரு ரைசன் 5 2600, ஒரு பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். அதில் ஐந்து விளையாட்டு. அந்த அட்டவணையும் வெளியீட்டு நாளிலேயே வரட்டும்.