யமுனையைக் கடந்த முத்திரை

விமான அஞ்சல் தலைகளை நெடுநாள் சேர்த்தவர்கள், ஓர் உறை கைக்கு வந்ததும் முதலில் தபால் முத்திரையைத்தான் பார்ப்பார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு.

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி ஒரு ஹம்பர் விமானத்தில் கிளம்பினார். சுமார் 6,500 கடிதங்களுடன் யமுனையைத் தாண்டி நைனியில் இறங்கப் பதின்மூன்று நிமிடம் பிடித்தது. உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அதுதான். அதற்கெனத் தனித் தலை எதுவும் அச்சாகவில்லை. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த சாதாரணத் தலைகளையே ஒட்டினார்கள். கலையெல்லாம் முத்திரையில்தான்: கருஞ்சிவப்பு மையில் ஒரு வட்டம், உள்ளே மலைகளுக்கு மேல் ஒரு சின்ன விமானம். மை சற்றுப் பரவிய பிரதியில்கூட அதன் துணிச்சல் தெரியும்.

தலைக்குள் விமானம் ஏற மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1929இல் நாசிக் அச்சகத்தில் ஆறு தலைகள் வெளிவந்தன. அரசர் ஐந்தாம் ஜார்ஜின் உருவத்துக்குப் பக்கத்தில், தரைக்காட்சிக்கு மேலே, மூன்று எஞ்சின் கொண்ட டி ஹாவிலாண்ட் ஹெர்குலிஸ் பறக்கிறது. அந்த ஆண்டு லண்டன்–கராச்சி தடத்தில் கடிதம் கொண்டுவந்த ரகம் அது. சாமணத்தால் எடுத்துத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் தாளில் நட்சத்திர நீர்க்குறிகள் தெரியும். முன்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு வேட்டை: ஒரு மரத்தின் உச்சி அச்சில் விடுபட்டுப்போன பிரதி.

சுதந்திர இந்தியாவின் முதல் மூன்று தலைகளில் கொடியைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். 1947 டிசம்பர் 15 அன்று வந்த பன்னிரண்டு அணா விமானத் தலையை நான் ஒரு படி மேலே வைப்பேன். புதிய தேசம் தன் அடையாளங்களாகக் கொடி, அசோகர் தூண் ஆகியவற்றோடு ஒரு பயணிகள் விமானத்தையும் தேர்ந்துகொண்டது பெரிய மனசு. அடுத்த ஆண்டே ‘மலபார் பிரின்சஸ்’ என்ற விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தபோது, 1948 ஜூன் 8 என்ற தேதியைத் தாங்கி இன்னொரு பன்னிரண்டு அணாத் தலை வந்தது. அதிலுள்ள விமானம் மூவால் கொண்ட லாக்ஹீட் கான்ஸ்டலேஷன். அவ்வளவு அழகான உருவம் கிடைத்தால் ஓவியருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனாலும் என் தேர்வு, அந்த முதல் விமான அஞ்சலின் பொன்விழாவுக்கு 1961இல் வந்த வரிசை. பதினைந்து பைசாத் தலையில் பெக்கேயின் விமானமும் ஏர் இந்தியாவின் போயிங் 707உம் ஒரே சட்டத்துக்குள் பறக்கின்றன. ஐம்பது ஆண்டுத் தூரத்தைச் சொல்ல வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. ஐந்து பைசாத் தலை அதைவிட நுட்பமானது: அந்தப் பழைய முத்திரையையே படமாக்கியிருக்கிறார்கள். தனித் தலை இல்லாமல் போன கடிதங்களுக்கு அஞ்சல் துறை செய்த மரியாதை இது. இந்திய விமானத் தலைகளில் இதற்கு இணை இல்லை என்பது என் முடிவு.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய விமான அஞ்சல் உறைகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். தலையை மட்டும் வெட்டியோ நீரில் ஊறவைத்தோ பிரித்துவிடாதீர்கள். கடிதம் எங்கே கிளம்பி எங்கே இறங்கியது என்பதற்குச் சாட்சி அந்த முத்திரைகள்தான். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் அவை இருக்கும். உறையை முழுசாக வையுங்கள்.